உன் மச்சானின் சர்டிபிகேட்டைத் திருப்பி அனுப்புகிறேன்

நடுவட்டம்,
மார்கழி 18, வெள்ளிக்கிழமை.

உயர்திரு பேராசிரியர் மருதாசலம் அவர்களின் சமூகத்துக்கு,

உன் அக்கா வேலாமணி எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அது எப்படி என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே நீயும், தம்பி பெண்டாட்டியும், குழந்தைகளும், நீ ராத்திரி பகலாகக் கட்டிக்கொண்டு அழுகிற கம்ப்யூட்டரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் சமையல்கட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் நீ அப்படியெல்லாம் நடந்திருக்காது என்று சொல்லக் கூடாது பார். நான் இருந்தேன். உன் மச்சான், அதாவது எஸ்டேட் ஆபீஸ் ஹெட் கிளார்க் ஆறுச்சாமி அவர்கள், இஸ்திரி போட்ட சட்டையுடன் இருந்தார். டிஸ்பென்சரி சிஸ்டர் ஜெஸிந்தா ஸ்டூலில் இருந்தார். கொழுந்து பறிக்கிற பிலோமியும் அவள் வீட்டுக்காரர் மனுவேலும் பலகையில் இருந்தார்கள். வெல்பேர் ஆபீஸர் தங்கவேலு ஒரு பாரத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு வாசற்படியை மறித்து நின்றார். ஆக மொத்தம் ஆறு பேர். ஏழாவதாக அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்த செல்போனுக்குள், உன் பயிற்சிப் பக்கமாக, நீ இருந்தாய்.

எதற்காக இத்தனை பேர் கூடினோம் என்று உனக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும். பச்சை இலை விலை விழுந்து கிடக்கிறது, ஏலத்தில் தூளைக் கேட்க ஆள் இல்லை என்று சொல்லி, பொங்கலோடு டிஸ்பென்சரியை மூடுகிறார்கள். ஜெஸிந்தா சிஸ்டர் இருபத்தாறு வருஷமாகக் காலை ஆறரைக்கும் சாயங்காலம் ஆறரைக்கும் பதினாலு பேருக்குச் சர்க்கரை ஊசி போடுகிறார். அந்தப் பதினாலு பேரில் மனுவேலும் ஒருவர். டிரையர் ரூமில் வேலை பார்த்தவர். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, கையிலும் நடுக்கம், தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது. போன ஐப்பசியில் சிஸ்டர் லீவில் போன நான்கு நாளில் ஊசி தவறி, கூடலூர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் படுத்துக் கிடந்தார். பிலோமி அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் மறக்கவில்லை. தை முதல் தேதியிலிருந்து அவருக்கு யார் ஊசி போடுவது என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்குக் கம்பெனி ஒட்டிய பதில் ஒரு நோட்டீஸ். அதில், போனைக் காட்டினால் திறக்கிற ஒரு கறுப்புக் கட்டம். அதற்குள்ளே உங்கள் நர்சிங் காலேஜின் பயிற்சிப் பக்கம். அதற்குக் கீழே உன் பெயர். என் தம்பி பெயரை டிஸ்பென்சரிச் சுவரில் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதையும் எழுதிவிடுகிறேன். அது ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்.

முதல் நாள் போனில் நீ என்ன சொன்னாய்? "அக்கா, உலகத்தரம்க்கா. ஒருதடவை பாத்தாப் போதும், யாரு வேணும்னாலும் ஊசி போடலாம்." அப்போதே நான் கேட்டேன், "பாத்தே கத்துக்கலாம்னா உங்க மச்சான் முப்பது வருசமா நாஞ் சமைக்கிறதைப் பாத்துக்கிட்டுத்தானேடா இருக்காரு, இன்னும் ஒரு ரசம் வெக்கத் தெரியலையே?" என்று. நீ சிரித்தாய். எட்டாவதோடு நின்றவள் பேச்சென்று நினைத்திருப்பாய். நினைத்துக்கொள்.

நல்ல நேரம் பார்த்து, செல்போனுக்கு ஒரு சூடம் காட்டித்தான் தொடங்கினோம். முதல் நான்கு நிமிஷம் உங்கள் காலேஜ் வளைவு, காலேஜ் தோட்டம், பிரின்சிபால் உரை, குத்துவிளக்கு. விளக்கு ஏற்றுவதை எவ்வளவு கிட்டத்தில் காட்டியிருக்கிறாய் தெரியுமா? ஐந்து திரியில் எந்தத் திரியை யார் ஏற்றினார்கள், மூன்றாவது அம்மாவின் கைவிரல் எப்படிச் சூடு பட்டு விலகியது என்பதுவரை தெரிகிறது. நான் விளக்கேற்றுவதில் இன்னும் கற்றுக்கொள்ள இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஊசி போடும் இடம் வந்ததும் கேமரா மரியாதையாகப் பின்னால் போய் நின்றுகொண்டது. வெள்ளைக் கோட்டு போட்டவரின் முதுகு தெரிகிறது. நல்ல முதுகு. கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. அந்த முதுகுக்கு முன்னால் ஏதோ நடக்கிறது. பிறகு அவர் திரும்பி, "இவ்வாறாக ஊசியைச் செலுத்த வேண்டும்" என்கிறார். பிலோமி எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாங்கக்கா, அந்தாளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்களேன்" என்றாள்.

முதுகு போனால் போகிறது, எழுத்தில் படிப்படியாகப் போட்டிருக்கிறாயே என்று அதற்குப் போனோம். பதினொரு படி. வாசித்துச் சொல்ல மட்டும் தங்கவேலு எனக்கு அனுமதி கொடுத்தார். படி ஒன்று: சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவி, துடைத்து, அதன் பிறகு வேறு எதையும் தொடாமல் இருக்கவும். சரி. நியாயம். பிலோமி எங்கள் பைப்பில் கழுவினாள். மதியம் இரண்டு மணிக்கும் பல்லைக் கடிக்கவைக்கிற தண்ணீர். சாமி கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு போன் முன்னால் வந்து நின்றாள். அங்கே 'அடுத்து' என்று நீ ஒரு பொத்தான் வைத்திருக்கிறாய்.

"இதை எதால அமுக்குறது?" என்றாள்.

"வெரல்லதான்" என்றார் உன் மச்சான்.

"வெரலு இப்பத்தான சுத்தமாச்சு? எதையும் தொடாதேன்னு அதேதான சொல்லிச்சு?"

"அமுக்கிப்போட்டு மறுக்காக் கழுவிக்க. படி ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

நான் அமுக்குகிறேன் என்று எழுந்தேன். தங்கவேலு கையை நீட்டித் தடுத்தார். "ஏனுங்க, அப்பிடிப் பண்ணப்படாதுங்க. லயத்து ஊட்டுல இவிக தனியா இருக்கறப்ப ஆருங்க வந்து அமுக்குவாங்க? அவிகளே அமுக்கோணும். நாம் பாரத்துல எழுதோணும்." அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அதனால் பிலோமி படிக்கு ஒரு முறை அமுக்கி, படிக்கு ஒரு முறை கழுவினாள். நடுவில் போன் அதுவாகத் தூங்கிப்போகும்போதெல்லாம் எழுப்பிவிட்டு அதற்கும் கழுவினாள். நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஏழாவது படிக்குள்ளேயே பதினேழு. எங்கள் ஊட்டுச் சோப்பு ஒரு மாதம் இளைத்துப்போனது. அத்தனைக்கும் ஜெஸிந்தா சிஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. பயிற்சி பெற்றவர்கள் குறுக்கிட்டால் சோதனை செல்லாது என்று தங்கவேலு முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் டீயைக் குடித்துக்கொண்டு, டம்ளருக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது படிக்கு உனக்கு ஒரு தனி நமஸ்காரம். மருந்தைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் அறை வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கோயமுத்தூரில் உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான் வரும். இங்கே மார்கழியில், ஊசி போடுகிற காலை ஆறரை மணிக்கு, வாசலில் உப்புக் கொட்டின மாதிரி பனி கிடக்கும். எங்கள் அறையின் வெப்பநிலைக்கு மருந்தைக் கொண்டுவந்தால் அது விறைத்துப்போகும். சூடாக வேண்டுமென்றால் திரும்பப் பிரிட்ஜுக்குள்ளேதான் வைக்க வேண்டும். பிலோமியின் லயத்தில் பிரிட்ஜே இல்லை, அதனால் அவளுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. ஜெஸிந்தா சிஸ்டர் பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, வந்தவர்களிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டே உருட்டுவார். கதை முடியும்போது மருந்தும் பதமாக இருக்கும். அடியில் கலங்காமல் நிற்பதும் சேர்ந்துவிடும். உன் பக்கத்தில் கதையும் இல்லை, உருட்டுவதற்கு ஒரே ஒரு வரி. "தகுந்த முறையில் கலக்கவும்."

இந்தத் 'தகுந்த' என்ற வார்த்தையை நான் எண்ணினேன். உன் பக்கத்தில் இருபத்து மூன்று இடத்தில் இருக்கிறது. தகுந்த கோணம், தகுந்த இடம், தகுந்த வேகம். எது தகும் என்று தெரிந்தவளுக்கு உன் பக்கம் வேண்டாம். தெரியாதவளுக்கு அது இருந்தும் பிரயோஜனமில்லை. நான் உனக்குப் புளிக்குழம்பு செய்முறையை, "தகுந்த பொருள்களைத் தகுந்த நேரம் கொதிக்கவிடவும்" என்று எழுதி அனுப்பினால் நீ சாப்பிடுவாயா, பார்சல் சொல்வாயா?

இப்போது ஏழாவது படிக்கு வருகிறேன். மனசைத் திடப்படுத்திக்கொள். "ஆதிக்கம் செலுத்தாத கையால் தோலைத் தகுந்த அழுத்தத்துடன் பற்றித் தூக்கவும்." எது ஆதிக்கம் செலுத்தாத கை என்று பிலோமி கேட்டாள். உன் மச்சான் கொஞ்சம் யோசித்து, "தொரை மாதிரி இருக்கறது ஒரு கை, நம்ம மாதிரி இருக்கறது ஒரு கை. நம்ம கையில புடிக்கோணும்" என்றார். கொழுந்து பறிக்கிறவளுக்கு இரண்டு கையும் ஒரே வேகம், ஒரே கூலி. அதில் எது துரை? ஏதோ ஒரு கையால் பிடிக்கட்டும் என்று மனுவேலின் சட்டையைத் தூக்கிவிட்டோம். ஊசி இல்லாமல் பிடித்துக் காட்டுவது மட்டும்தான், அதற்கே இத்தனை அமர்க்களம். பதினேழு தடவை கழுவிய விரல். மரத்துப்போய், எதைத் தொடுகிறோம் என்ற உணர்வே இல்லை. இருபது வருஷமாகத் தினம் ஆயிரம் தடவை, மெத்தென்று எது அகப்பட்டாலும் பிடித்த வேகத்தில் மேலே வெடுக்கென்று ஒடித்துப் பழகிய கை. பிடித்தாள். ஒடித்தாள்.

"ஐயோ, யேசுவே!" என்று மனுவேல் போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த குரங்கு இறங்கி ஓடிவிட்டது. "அடிப்பாவி, நான் என்னா தேயிலைச் செடியா? கூடை எங்கடி, முதுகுல மாட்டிக்கிட்டு வந்தியா?"

"தெரியாமப் பறிச்சிட்டேங்க. கை பழக்கங்க."

"பறிச்சதுல தொப்பையில பாதி போயிருச்சு!"

தங்கவேலு பாரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு அதில் கட்டம் இல்லை என்றார்.

அப்போதுதான் ஜெஸிந்தா சிஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "சோதனை செல்லாமப் போனாப் போகுது தங்கவேலு சார்" என்று சொல்லிவிட்டு, பிலோமியின் விரல்களைத் தன் கம்பளிக்குள் வைத்துச் சூடு பண்ணினார். "இங்க பாரு பிலோமி. கொழுந்துல கை வெப்பியா, வெச்சிட்டியா, அடுத்து ஒடிக்கப் போறியா, அந்த ஒடிக்கிறதுக்கு முந்தின இடத்துல கங்காணி கூப்புட்டா எப்பிடி நிப்பே? அப்பிடி நில்லு. அவ்வளவுதான் புடி." பிலோமி இரண்டாம் தடவை பிடித்தாள். மனுவேல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ம், ஆரம்பி" என்றார். "புடிச்சு ரொம்ப நேரமாச்சுங்க" என்றாள். உன் ஏழாவது படி முழுதும் சிஸ்டரின் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். அதை உன் பக்கத்தில் போடச் சொல்லி அன்று சாயங்காலமே போன் பண்ணினேன். "அக்கா, அது சயின்டிபிக்கா இருக்காதுக்கா" என்றாய். மனுவேலின் வயிற்றில் இருக்கிற நீலம் ரொம்ப சயின்டிபிக்காக இருக்கிறது, வந்து பார்.

இதெல்லாம் ஒரு பக்கம். பரீட்சை என்று ஒன்று வைத்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதமே. பத்துக் கேள்வி, கேள்விக்கு நான்கு பதில். எட்டு மார்க் எடுத்தால் சர்டிபிகேட். சர்டிபிகேட் வைத்திருக்கிறவர் கையில்தான் சிரிஞ்சுப் பெட்டியை ஒப்படைப்பார்களாம். அது கம்பெனி சர்க்குலர். நாங்கள் எல்லோரும் எழுதினோம். பிலோமிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதால் நான் வாசித்துச் சொல்லி, அவள் பதிலை அமுக்கினேன். இரண்டு மார்க். நான் ஏழு. இருபத்தாறு வருஷம் ஊசி போட்ட ஜெஸிந்தா சிஸ்டர் நாலு. ஊசி போட்டு முடித்ததும் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டிருக்கிறாய். அவர், "தலை சுத்துதான்னு அவங்களைக் கேக்கணும்" என்று அமுக்கியிருக்கிறார். தப்பாம். "உரிய படிவத்தில் உரிய நேரத்தில் உரியவாறு பதிவு செய்தல்" என்பதுதான் சரியாம்.

பத்துக்குப் பத்து வாங்கியது யார்? உன் மச்சான். ஊசியைக் கண்டால் தலைசுற்றுகிறவர். துருப்பிடித்த ஆணி குத்தி டிடி ஊசி போட்ட அன்று என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டவர். எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டேன். "கேள்வியை எவன் படிச்சான்? நாலு பதில்ல எது நீளமா இருக்குதோ அதுதான் சரி. முப்பது வருசமா ஹெட் ஆபீஸ் சர்க்குலர் படிச்சவன்டி நானு. சரியானதை அவனுக சுருக்கமா எழுதவே மாட்டானுக." பேராசிரியரே, கேட்டுக்கொண்டீரா? உடனே செல்போனிலிருந்து அவர் போட்டோவோடு ஒரு சர்டிபிகேட் இறங்கியது. 'திறன் பெற்றவர்' என்று தங்க எழுத்து. அன்றைக்கே ஊட்டிக்கு ஆள் அனுப்பி லேமினேட் பண்ணி, என் சாமி படத்துக்குப் பக்கத்தில், முருகனுக்கு இரண்டு விரல் உயரத்தில் மாட்டிவிட்டார். முருகனுக்கு இந்தச் சர்டிபிகேட் இல்லை அல்லவா, அதனால் கீழேதான் இருக்க வேண்டும்.

தங்கவேலுவுக்கு ஒரே சந்தோஷம். பாரம் நிறைந்துவிட்டது. தை ஒன்றிலிருந்து பதினாலு பேருக்கும் பொறுப்பு ஆறுச்சாமி சார் என்று எழுதி, திங்கட்கிழமை காலையிலேயே ஒத்திகை வைத்தார். டிஸ்பென்சரி வராந்தா, பனி, வரிசையாகப் பதினாலு கம்பளி. முதல் ஆள் மனுவேல், பாவம், அவருக்குத்தான் எல்லா முதலும். உன் மச்சான் மருந்தை உறிஞ்சினார். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. ஊசி முனையைப் பார்க்காமல் சிரிஞ்சின் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டே செய்தார். அதற்குப் பிறகு உன் ஆறாவது படி. "காற்றுக் குமிழ் இருப்பின் வெளியேற்றவும்." ஒரு குமிழ் இருந்தது. அமுக்கினார். கொஞ்சம் மருந்து போயிற்று, குமிழ் இருந்தது. இன்னும் அமுக்கினார். குமிழ் எவ்வளவு போனால் போதும் என்று நீதான் எழுதவில்லையே, அதனால் ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தன் மாதிரி விடாமல் அமுக்கி, கடைசிக் குமிழையும் வெளியேற்றினார். மருந்து முழுதும் அவருடைய சட்டைக் கையில் இருந்தது. சிரிஞ்சு சுத்தமாக, குமிழே இல்லாமல் இருந்தது. "ஆச்சுங்களா?" என்றார் மனுவேல். "குமிழ் போயிருச்சு" என்றார் உன் மச்சான், பெருமையாக. பிறகு சிரிஞ்சின் முனையை ஒரு தரம் நேராகப் பார்த்தார். பெஞ்சில் படுக்கவைத்து நான்தான் விசிறினேன், அந்தப் பனியில். ஜெஸிந்தா சிஸ்டர் பதினாலு பேருக்கும் போட்டுவிட்டு, கடைசியாக இவருக்கு ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்.

நான் சிரிக்கவைப்பதற்காக இதை எழுதவில்லை, தம்பி. அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்ற பிலோமியின் முகத்தை நான் பார்த்தேன். இந்தக் கையை நம்பித்தான் தை மாதம் முதல் என் ஆள் இருக்கணுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

ஆகையால் நேற்று ஏகாதசி முடித்து, இன்று வெள்ளிக்கிழமை பூஜையும் முடித்து, முருகனிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு அந்தச் சர்டிபிகேட்டைச் சுவரிலிருந்து கழற்றி இதனுடன் திருப்பி அனுப்புகிறேன். உன் மச்சானுக்கு இன்னும் தெரியாது. உன் பக்கத்தில் 'கருத்து' என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் இருநூறு எழுத்துக்கு மேல் எழுதவிடவில்லை, என் மூச்சு அதற்குள் அடங்காது, அதனால்தான் காகிதம். கையையும் வயிற்றையும் காட்டு, முதுகு வேண்டாம். எதிரில் நின்று எடுக்காதே, இடது வலது மாறிப்போகிறது, ஊசி போடுகிறவளின் தோளுக்கு மேலே இருந்து எடு. அவளுக்குத் தெரிவதுதான் எங்களுக்கும் தெரிய வேண்டும். பொம்மை வயிறு வேண்டாம், அதற்கு வலிக்கவும் வலிக்காது, வலித்தால் கத்தவும் தெரியாது. விரல் படாமல் அடுத்த படி வரட்டும். ஸ்பிரிட் போட்ட இடம் காயும்வரை எவ்வளவு நேரம் நிற்பது என்று சொல். ஜெஸிந்தா சிஸ்டர் ஒரு சிலுவை போட்டு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வார், அதற்குள் காய்ந்துவிடும். நான் சரவணபவ பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. இரண்டையும் போடு. ஜாதி மத பேதமில்லாமல் காயட்டும். பரீட்சை வைப்பதென்றால் கைக்கு வை. பிலோமிக்கு எழுத்துத்தான் தெரியாது. கொழுந்து நிறுக்கிற தராசு முள்ளை இருபது வருஷம் கண் கொட்டாமல் பார்த்தவள், சிரிஞ்சில் மருந்து, மனுவேலுக்குரிய பதினாறாவது கோட்டுக்கு அரைக் கோடு தள்ளி நின்றாலும் கண்டுபிடித்துவிடுகிறாள்.

சும்மா குறை சொல்கிறாள் என்று நினைக்காதே என்பதற்காக நாங்களே ஒரு வீடியோ எடுத்திருக்கிறோம். புதன்கிழமை காலை, எங்கள் சமையல்கட்டு, குத்திக் காட்ட ஒரு நல்ல மேரக்காய் (உங்கள் ஊர்ச் சௌசௌ), ஜெஸிந்தா சிஸ்டரின் கை. முதல் படியிலிருந்து கடைசிவரை அவர் பேசிக்கொண்டே செய்தார். ஒன்பது நிமிஷம். விளக்கு இல்லை, வளைவு இல்லை, முதுகு இல்லை. போனைத் தோளுக்கு மேலே பிடித்துப் படம் எடுத்தது உன் மச்சான், திறன் பெற்றவர் ஆயிற்றே. அதைப் பென் டிரைவில் ஏற்றி இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். காலை கோயமுத்தூர் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படத்தைப் பார்த்து, கை எங்கே, விரல் எப்படி என்று ஒவ்வொரு அசைவாகப் பார்த்து, அப்படியே உன் பக்கத்தில் ஏற்றவும். கேமராவை எங்கே வைப்பது என்று உன் காலேஜ்காரர்களும் கற்றுக்கொள்ளட்டும்.

நீ படித்தவன், நாலு பேருக்கு நல்லது செய்ய வேண்டும் என்றுதான் செய்தாய் என்று எனக்குத் தெரியும். உன் கண் நன்றாக இருக்கட்டும், கம்ப்யூட்டரையே பார்த்துக் கெடுத்துக்கொள்ளாதே. குழந்தைகளுக்குப் பழனியாண்டவர் நல்ல புத்தியும், உன்னிடமிருந்து வராத பொறுமையும் கொடுக்கட்டும். தம்பி பெண்டாட்டியை நான் விசாரித்ததாகச் சொல். நீ சாப்பிடுகிற நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா,
ஆ. வேலாமணி
(மதிப்பெண்: பத்துக்கு ஏழு)

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இன்று சாயங்காலம் போனில் அந்த வீடியோவைப் போட்டேன். ஒன்பது நிமிஷமும் உன் மச்சானின் கட்டை விரல். கேமராக் கண்ணாடி மேல் அழுத்திப் பிடித்திருக்கிறார். பழுத்த தக்காளி மாதிரி சிவப்பாக ஒரே விரல், ரேகை சகிதம். மேரக்காயும் இல்லை, கையும் இல்லை. சிஸ்டரின் குரல் மட்டும் கேட்கிறது. நான் போனை அரிசி டப்பா மேல் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன், நிறுத்தக்கூடத் தோன்றவில்லை, அது முதலிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து பிலோமியும் மனுவேலும் சாயங்கால ஊசிக்காகச் சிஸ்டரைத் தேடி வந்தார்கள். சிஸ்டரும் மருந்துப் பெட்டியோடு எங்கள் ஊட்டில்தான் இருந்தார், அடுப்பில் குளிர் காய்ந்துகொண்டு. பிலோமி, "என்னாங்கக்கா, சிஸ்டர் போன்ல பேசுறாங்க" என்று சிரித்தவள், அது "கையைக் கழுவு" என்றதும் விளையாட்டாகப் போய்க் கழுவினாள். ஒரே ஒரு முறை. "பாட்டிலை உருட்டு, எனக்கு உன் மருமக கதையைச் சொல்லிக்கிட்டே உருட்டு" என்றது போன். உருட்டினாள், மருமகள் கதையையும் உள்ளபடியே சொன்னாள். போன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்க்க அங்கே விரல்தான் இருக்கிறது. கண் மருந்தின் மேல், இரண்டு கையும் வேலையின் மேல், எதையும் அமுக்க வேண்டியதில்லை. கோடு பார்த்தாள். சிஸ்டரிடம் நீட்டிக் காட்டினாள். சிஸ்டர் தலையை மட்டும் அசைத்தார். பிடித்தாள், பறிக்கவில்லை. "எப்பக் குத்தப் போறே, சொல்லிட்டுக் குத்து" என்று மனுவேல் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "பஞ்சைக் கொஞ்சம் புடிச்சுக்கங்க" என்றாள் பிலோமி. குத்தி எடுத்து ஆகிவிட்டிருந்தது. மனுவேல் தன் வயிற்றை ஒற்றைக் கண்ணால் ரொம்ப நேரம் நம்பாமல் பார்த்தார்.

ஆகவே மேலே கேமராவை எங்கே வைப்பது, தோளுக்கு மேலா கீழா, முதுகா வயிறா என்று நான் எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடவும். படமே வேண்டாம். அந்த ஒன்பது நிமிஷக் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு விரலை விட்டுவிடு. அதை உன் பக்கத்தில் ஏற்ற முடியுமா? கையில் செய்து காட்டிய பிலோமிக்கு, எழுத்துப் பரீட்சை இல்லாமல், அவள் பெயரில் ஒரு சர்டிபிகேட் தர உங்கள் காலேஜ் சம்மதிக்குமா? அது இல்லாமல் தங்கவேலு அவளிடம் பெட்டியைக் கொடுக்க மாட்டார். பொங்கலுக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. சீக்கிரம் பதில் எழுது.